ஹேண்டிலுக்குள் ஒரு கை

“ஹாஸ்டல் விசயத்த நானே ஹேண்டில் பண்ணிக்கிறேம்மா” என்றாள் மகள். அந்தச் சொல் காதில் விழுந்ததும், கடலாடிப் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்த நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஹேண்டில் என்றால் என்ன என்று ஆங்கில டீச்சர் கேட்டார். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் நான் எழுந்து, “கைப்பிடி டீச்சர்” என்றேன்.

“சரி, அதுவே வினைச்சொல்லா வந்தா?”

எனக்குத் தெரியவில்லை. கீழக்கரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த நஸ்ரின் எழுந்தாள்.

“அதுக்குள்ள ஹேண்ட் இருக்கு டீச்சர். மொதல்ல கையால தொடுறதத்தான் அப்படிச் சொல்லியிருக்காக. பெறகுதான் சமாளிக்கிறதுக்கும் ஆச்சு. நம்ம கையாளுறதுலயும் கை இருக்குல்ல.”

“இத்தன வருசமா பாடம் நடத்துறேன், எனக்கே தோணலையே” என்றார் டீச்சர். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா துபாயிலிருந்து அனுப்பிய தடித்த அகராதியில்தான் அதைப் படித்திருந்தாள். மதியம் அவள் சாப்பிடப் போனபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். திரும்பி வந்து அகராதியைத் திறந்தவள், என் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்துவிட்டாள். டீச்சரிடம் சொல்லவில்லை.

“புக்கையே வீட்டுக்குக் கொண்டு போயி படி. கிழிக்காத” என்று என் பைக்குள் வைத்தாள். இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

ஹேண்டிலுக்குள் கை இருப்பதை மகளிடம் சொன்னேன். அவள் வியந்து போனாள்.

“இது ஒனக்கே தோணுச்சாம்மா?”

“ஆமா” என்றேன்.