குண்டானில் ஆற்று மணல்

நேற்று மத்தியானம் பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டை, அதாவது கல்லை அரைத்த செயற்கை மணலை, இரண்டு கை அள்ளிவந்து இரும்புச் சட்டியில் சூடாக்கிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, மண்ண வறுத்துக்கினு இருக்க? ஓவன் வாங்கிக் குடுத்தது வேஸ்டா?"

சிரியுங்கள், நானும் சிரித்தேன். அந்த ஓவனில் அவள் சுட்ட கேக்கின் மணம்தான் என்னை மண் அள்ள அனுப்பியது.

முதல் டீச்சர் வேலை எனக்கு மணலூர்பேட்டையில். ஜெசிந்தா அக்கா வீட்டில் ஓர் அறை. அவிப்பதும் பொரிப்பதும் மட்டுமே தெரிந்த வீட்டிலிருந்து போனவள் நான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அக்கா குண்டானில் ஆற்று மணல் பரப்பி, மாவுக் கிண்ணத்தை அதில் இறக்கி, அடியிலும் மூடிமேலும் கரி நெருப்பு வைத்தபோது, பாத்திரம் தேய்க்கிற மணலிலா பலகாரம் என்று முகம் சுளித்தேன். மணம் கிளம்பியதும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் இப்படியொரு கேக்குக்கு மணல் அள்ளத்தான் பெண்ணையாற்றுக்குப் போனாராம். கல்வராயன் மலைப் பக்கம் மழை, வெள்ளம் வந்துவிட்டது. வாளி கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அக்காவே அந்த ஆற்றுத் துறையில் இறங்கி மணல் கொண்டுவந்தாள். வெறும் குழியாவது வெட்டி ஜெபம் பண்ணிவிடலாம் என்று அவள் அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

என் இரண்டாம் கிறிஸ்துமஸில் அக்கா கூப்பிட்டாள்.

"டீச்சர், குண்டாங்கிட்ட காத வைங்க. ஈர மண்ணுல அவரு நடக்குற மாதிரி கேக்குதா? கேக்குதுன்னா சொல்லுங்க, எங்கண்ணன வாசல்லயே நிறுத்திடறேன். இல்லன்னா குழி வெட்டிக்கட்டும்."

காதை வைத்தேன். சரக், சரக். யாரோ நடந்தார். நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தார். ஈரம் காய்கிற சத்தம் என்று எனக்குள் இருந்த சயின்ஸ் டீச்சர் சொன்னாள். ஈரத்துக்கு மூச்சு வாங்குமா? காது மடல் சுட்டது, கால் சில்லிட்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கலக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். அன்று எனக்குத்தான் பெரிய துண்டு. மறுவாரம் கல்லறைத் தோட்டத்தில் பெட்டிக்குப் பதிலாக அந்தக் குண்டான் மணலைக் குழியில் கொட்டினார்கள். பிறகு அவள் கேக் சுடவில்லை.

இப்போது அந்தத் துறையில் மணலே இல்லை. கட்டாந்தரையும் கோரையும்தான். அதனால்தான் எம்-சாண்ட். சட்டி நன்றாகக் காய்ந்ததும் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னா கேக்குது?" என்றாள் மகள்.

மறு காதையும் வைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் கேக்கல," என்றேன். இந்த முறை அது நிஜம்.