ஏசுபாதம் சுரண்டிய சுண்ணாம்பு

ஏசுபாதம் கன்னத்தைக் கல்லறைக் கல்லோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைத் தேடுகிறார். காலை வெயில் சாய்ந்து விழுந்தால்தான் தேய்ந்த எழுத்து பிடிபடுமாம். அப்போதும் தெரியாவிட்டால் கரித்தூளைப் பூசித் தேய்ப்பார்.

மதுராந்தகம் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு நாளில் செங்கல்பட்டுக் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடப்பார். பெரியப்பா, அத்தை, அத்தையின் மாமனார் என்று சொந்தத்தையெல்லாம் கல்லிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். “இன்னா கண்டக்டரே, செத்தவங்களுக்கும் டிக்கெட் கிழிக்கிறியா?” என்று வெட்டியான் சடையப்பன் சீண்டுவான்.

அவருடைய எதிரி சுண்ணாம்பு. கல்லறைத் திருநாள் வந்தால் சனங்கள் வாளியோடு வந்து எழுத்தையும் சேர்த்து வெள்ளையடித்துவிடுகிறார்கள். “செத்தவனுக்குப் பேரு வாணாமா? தோச மாவு மாதிரி ஊத்திக்கினு கீறீங்களே, பேஜாரு!” என்று சண்டைக்கே போவார்.

மிச்சமிருந்தது அப்பா முத்துசாமி. ஏசுபாதம் கைக்குழந்தையாக இருந்தபோதே காலராவில் போனவர். என்றைக்குப் போனார், யார் மகன், கல்லில் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் அந்தக் கல்லில் அம்மா ஞானம்பாளே வருஷா வருஷம் அப்பிய சுண்ணாம்பு, விரல் தடிமனுக்கு. “சொரண்டாதடா, அவரு தூங்கட்டும்” என்று தடுத்துக்கொண்டே இருந்தாள்.

போன ஞாயிறு, பூசை முடிந்ததும், அவள் பேச்சைக் கேட்காமல் தேங்காய் ஓட்டால் சுரண்டினார். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது: அந்தோணி ராயப்பன், ரயில்வே மேஸ்திரி.

“இன்னாம்மா இது? யாரு இந்த மேஸ்திரி? இத்தினி வருசமா யாருக்கும்மா மெழுவத்தி ஏத்திக்கினு இருந்தோம்?”

“கத்தாதடா. கல்லு வைக்க எனக்கு வக்கு ஏது? வேலியாண்ட பொதைச்சி மரச் சிலுவ நட்டாங்கோ. அடுத்த மழையில அதுவும் பூட்ச்சி. கேக்க ஆளில்லாத கல்லு ஒண்ணு கெடந்துச்சி. உன்ன இடுப்புல வெச்சிக்கினு நான் வேற எங்கடா போயி முட்டி போடுவேன்?”

கோபம் அம்மாமேலா, மேஸ்திரிமேலா, மழைமேலா என்று ஏசுபாதத்துக்கே புரியவில்லை. விறுவிறுவென்று வேலிப் பக்கம் நடந்தார். அங்கே கல்லும் இல்லை, மேடும் இல்லை; அப்பா எந்த இடத்திலும் இருக்கலாம். கண்ணுக்கு எட்டியவரை நெருஞ்சி முள்தான். உள்ளே இறங்கியவர் சட்டென்று நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.