நாலு சிறகுக் காய்

காயை நம் காதருகே கொண்டுவந்து பட்டென்று ஒடிக்கிறார். "சத்தம் கேட்டுச்சா? இப்படி ஒடிஞ்சா பிஞ்சு. வளைஞ்சா வாங்காதீங்க, நார்தான் மிஞ்சும்." விலை சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒடித்ததில் ஒரு பாதியை வாங்க வந்தவரிடம் நீட்டிவிட்டு, மறுபாதியைத் தன் வாயில் போட்டு மெல்கிறார். சந்தையில் அவர் எதிரே கொஞ்ச நேரம் நின்றால் நமக்கும் தாடை அசையத் தொடங்கிவிடும்.

சாண் நீளப் பச்சைக் காய். நாலு ஓரத்திலும் சுருக்கம் வைத்துத் தைத்ததுபோல் நாலு சிறகுகள். பெயர் சிறகவரை. விற்பவருக்கும் சிறகக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "சிறகு வந்துடுச்சு, பறக்கத்தான் நேரமில்ல" என்பார்.

முன்பு அவர் தையல் ஆலையில் காலர் தைத்தவர். பக்கத்து இயந்திரத்தில் இருந்த பெண் ஒரு விடுமுறைக்குப் பிறகு ஒரு பிடி விதை கொண்டுவந்து கொடுத்தாள். ஆலை மூடப்பட்டபோது சிறகக்காவிடம் மிஞ்சியவை அந்த விதையும், அப்பா பிரித்துக் கொடுத்த மேட்டு நிலமும்தான். பள்ளத்து நிலம் அண்ணனுடையது. அவர் வருடம் முழுவதும் தக்காளி போடுவார். வாசலுக்கே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

முதல் வருடம் சிறகக்கா அவசரப்பட்டு விதைத்துவிட்டார். கொடி மளமளவென்று ஏறிப் பந்தலை மூடியது. பூவை மட்டும் காணோம். அண்ணன் வரப்பில் நின்று, "என்னம்மா, பந்தல் போட்டு நிழல் வளக்கிறியா?" என்று கேட்டார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அழுகைதான் வந்துச்சு. ஆனா அழுதுக்கிட்டே கொழுந்தைக் கிள்ளி வாயில போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் கட்டு கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோயிட்டேன்."

கீரையாக விற்றுக்கொண்டே இருந்தார். பகல் பொழுது குறுகத் தொடங்கியதும் கொடி முழுக்க வெளிர்நீலப் பூ. அந்தப் பயிரின் சுபாவமே அதுதான். பகல் நீளமாக இருக்கும்வரை பூக்க மனம் வராது. பூவையும் வதக்கலாம், காயையும் வதக்கலாம், முற்றிய விதையை வறுக்கலாம், கடைசியில் மண்ணைக் கிளறினால் கிழங்கு. குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அவர் விரலை உயர்த்தினார்.

"அமிர்தம் அது இதுன்னு எழுதி வச்சிடாதீங்க. ரெண்டு நாள் பறிக்காம விட்டா செருப்பு வார்தான். என் வீட்டுக்காரர் இன்னைவரைக்கும் காயைத் தொட்டதில்ல. 'கொடியை நீ கட்டிக்கோ, எனக்குக் கிழங்கைக் குடு'ம்பாரு."

வளர்ப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெரியாத காயைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் கை வராது. பல நாள் கூடை நிறையத் திரும்ப எடுத்துப்போய் ஆட்டுக்குப் போட்டிருக்கிறார். ஒடித்துக் காட்டும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

இரண்டு வருடம் முன்பு அண்ணனின் தக்காளியில் வாடல் நோய் விழுந்தது. காலையில் விறைப்பாக நின்ற செடி மாலையில் தலை தொங்கிவிடும். பிடுங்கிவிட்டு மறுபடி நட்டார். மறுபடியும் அதே கதி. நோய் மண்ணிலேயே தங்கிவிட்டது, சில வருடத்துக்குத் தக்காளியை மறந்துவிட வேண்டும் என்றார்கள். வண்டி வருவதும் நின்றுபோனது. வரப்பில் நின்று சிரித்தவர், இப்போது அதே வரப்பில் தலைகுனிந்து நின்றார்.

"நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, லாரி ஓட்டப் போறேன்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சிறகக்கா கொடியைக் கட்டிக்கொண்டே இருந்தாராம். "லாரி எங்கயும் ஓடிடாது. இந்த ஒரு போகம் பாரு. விதை நான் தரேன்."

"ரோட்டுல போறவன் சிரிப்பானே?"

"அப்ப பின்பக்கமா போடு. ஆனா முழுசும் இதையே போட்டுடாத. கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் கீரை, மிச்சம் இது. ஒண்ணையே நம்பி உக்காந்தா, அது படுக்கும்போது நாமளும் படுக்கணும்."

இதைச் சொல்லும் சிறகக்கா தன் நிலத்திலும் இரண்டு பாத்தி தக்காளி வைத்திருக்கிறார். கேட்டேன். "நான் என்ன தக்காளிக்கு விரோதியா? தக்காளி மட்டும்தான்னா பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அண்ணன் சாலையில் போவோர் கண்ணில் படாமல் பின்பக்கம்தான் போட்டார். கொடிக்கு அந்தக் கூச்சம் தெரியவில்லை. பந்தலைத் தாண்டி, பம்ப்செட் அறையின் கூரைமேல் ஏறி, நீலப் பூவோடு சாலையைப் பார்த்து நின்றது. பேருந்தில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். குத்தகைப் பேச்சு அந்த மாதத்தோடு நின்றது.

விளைந்துவிட்டது. ஏற்றிப்போக வண்டிதான் இல்லை. அண்ணன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கூடையோடு சந்தைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தங்கைக்குப் பக்கத்திலேயே இடம். கூடையை இறக்கி வைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ பார்க்கச் சொன்ன கூடைக்குக் காவல் இருப்பவர்போல நின்றார். ஒருவரையும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பழக்க தோஷத்தில் சிறகக்காவிடமே குனிந்தார்கள். அவர் கூடை பாதியாகிவிட்டது. அண்ணன் கூடை கட்டியது கட்டியபடி.

"கூவுண்ணே," என்றார் சிறகக்கா தாழ்ந்த குரலில்.

"வரலைம்மா."

எதிரே ஒரு பள்ளிக்கூட டீச்சர், வாரந்தோறும் வாங்குகிறவர், பையை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சிறகக்கா எழுந்தார். பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை உதறித் தன் கூடைமேல் இழுத்து மூடினார்.

"என்கிட்ட தீந்துடுச்சு டீச்சர். அண்ணன்கிட்ட பாருங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் நடந்தார்.