வெளியே இருந்த தாழ்ப்பாள்

தேசத்தின் தலைவரை ஈன்ற அன்னைக்கு மரணமில்லை என்று நினைவில்லத்தின் வாசலில் பளிங்கில் வெட்டி, பொன் நிறம் பூசியிருந்தார்கள். மரியாதைக்குச் சொன்னதுதான். நிஜமாகவே அப்படி ஆகிவிடும் என்று விழாக்குழுவில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

இது நடந்தது. நினைவில்லத்தின் காப்பாளர் வாயாலேயே கேட்டது. அவர் குடிக்கிறவர் இல்லை. கற்பனை ஓடுகிற ஆளும் இல்லை. வாழ்நாள் முழுவதும் மேலதிகாரிகளுக்கு மட்டுமே பயந்து வந்ததில், பேய்க்குப் பயப்பட அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

மனைவி ஓர் ஊர், அவர் ஓர் ஊர் என்று கல்யாணமான நாளிலிருந்தே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "திறப்பு விழாவை அலுங்காம குலுங்காம முடிச்சுக் குடுய்யா, உன் வீட்டம்மா ஊருக்கே மாற்றல் வாங்கித் தர்றேன்" என்று தலைவரின் உதவியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாளர் அந்த வாக்கைத்தான் தின்று, குடித்து, தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தலைவர் வளர்ந்த வீட்டை இடித்து, பின்பக்கத்தில் அன்னை படுத்திருந்த அறையை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி மண்டபம் எழுப்பியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அன்னையின் மூக்குக்கண்ணாடி; கடையில் வாங்கியது. அன்னையின் ஊன்றுகோலும் அப்படியே. கட்டில், போர்வை, தண்ணீர்க் குவளை எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின. அன்னை தொட்ட பொருள் ஒன்றைக்கூட மகன் எடுத்து வைத்திருக்கவில்லை. அவ்வளவு துக்கம் என்று உதவியாளர் விளக்கம் சொன்னார்.

கதவு மட்டும்தான் அசல்.

கதவுக்கு எதிரே, சுவர் முழுக்கத் தலைவரின் அன்னை உரை. ஒரு மாநாட்டில் தாயை நினைத்து அழுதுகொண்டே அவர் பேசியது. மேடை ஏறும்போது பேட்டைத் தலைவராக இருந்தவர், இறங்கும்போது தேசத் தலைவராக இறங்கினார். 'என் தாயின் கதவு எனக்காக என்றும் திறந்தே இருந்தது' என்பது அதன் முதல் வரி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி.

கதவுக்கு மெருகு போட வந்த தச்சர்தான் முதலில் கவனித்தார்.

"சார், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"படுக்கிற ரூமுக்கு வெளிப்பக்கம் எதுக்கு சார்? மாடு கட்டினாங்களா?"

காப்பாளர் அவரை அடக்கிவிட்டு உதவியாளருக்குப் போன் போட்டார். தச்சர் வேறு யாரிடமாவது இதைச் சொன்னாரா என்று உதவியாளர் முதலில் விசாரித்தார். பிறகு, "உள்பக்கமா மாத்திரு. அதுதான் சரியான வரலாறு" என்றார் உதவியாளர்.

நாலு திருகாணியில் வரலாறு திருத்தப்பட்டது.

மறுநாள் காலை காப்பாளர் வந்து பார்த்தார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பழைய இடத்தில், பழைய துருவோடு. உள்பக்கம் தடவிப் பார்த்தார். திருகாணி ஏறிய துளைகூட இல்லை.

"விளையாடுறியா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல சார்."

தச்சர் மறுபடியும் கழற்றினார். இந்த முறை அதை உள்ளேயும் மாட்டவில்லை, வெளியேயும் மாட்டவில்லை. காப்பாளர் தாழ்ப்பாளைத் தானே எடுத்துப்போய்த் தெருமுனைச் சாக்கடையில் போட்டார். கறுப்புத் தண்ணீரில் அது முங்குவதை நின்று பார்த்தார். காட்சிக்காக அறைக்குள் குவளையில் தண்ணீர் நிரப்பி வைத்தார். இனி வம்பில்லை என்று நினைத்தார்.

விழாவுக்கு முந்தைய நாள், நடுப்பகல். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே கண் கூசும் வெயில். காப்பாளர் முன்வரிசை நாற்காலிகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

டடக்…

தாழ்ப்பாள் விழுகிற சத்தம். தாழ்ப்பாளே இல்லாத கதவில்.

திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. அவர் சாத்தவில்லை.

டொக்… டொக்…

உள்ளேயிருந்து. முழங்கால் உயரத்தில். எழுந்து நிற்க முடியாத யாரோ தரையில் உட்கார்ந்து தட்டுவது மாதிரி.

"யாரது?"

தட்டுவது நின்றது. மரத்தில் ஏதோ பிறாண்டியது. மேலிருந்து கீழே… மெதுவாக…

"தம்பி வந்துட்டானா?"

வயதான குரல். தண்ணீர் பார்க்காத தொண்டை. பாசம் துளியும் இல்லை. காத்திருந்தே கூராகிப்போன குரல்.

காப்பாளர் ஓடியிருக்கலாம். ஆனால் அரசாங்க உத்தியோகம் செய்த நாக்கு. மேலிடம் கேட்டால் பதில் சொல்லியே பழக்கம்.

"நாளைக்குத்தான் வர்றாரும்மா. பதினோரு மணிக்கு."

"தனியாவா?"

"ரூமுக்குள்ள மட்டும்… ஒரு நிமிஷம்… போட்டோவுக்காக…"

உள்ளே ஒரு பெருமூச்சு. திருப்தியான பெருமூச்சு. கதவு தானாகத் திறந்துகொண்டது. அறையில் யாருமில்லை. போர்வை கலையவில்லை. குவளை மட்டும் வறண்டு கிடந்தது.

காப்பாளர் வெயிலில் வந்து நின்று மனைவிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏங்க, அந்தம்மா உங்களை ஏதாவது பண்ணினாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவுல நீங்க எதுக்கு மூக்கை நுழைக்கிறீங்க? பேய் கீய்னு வெளியில உளறி மாற்றலைக் கெடுத்துக்காதீங்க. வந்து சேருற வழியைப் பாருங்க."

அவர் உளறவில்லை.

மறுநாள் தலைவர் வந்தார். மாலை, வாழ்த்து, கைத்தட்டல். திட்டப்படி அவர் மட்டும் அறைக்குள் போக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது படம் பிடிக்க வேண்டும். அதற்காகப் புகைப்படக்காரர்கள் வாசலுக்கு எதிரே காத்திருந்தார்கள். தலைவர் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த நேரத்துக்கென்று ஒலிபெருக்கியில் அன்னை உரையை ஓடவிட்டார்கள்.

கதவு சாத்திக்கொண்டது.

காப்பாளர் மட்டும்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லாத மரத்தில் முதலில் ஒரு நிழல் படிந்தது. நிழல் துருவானது. துரு இரும்பானது. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

டடக்…

'என் தாயின் கதவு எனக்காக என்றும் திறந்தே இருந்தது' என்று ஒலிபெருக்கி அழுதது. கூட்டம் கைதட்டியது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். முதலில் தோள் உயரத்தில். பிறகு இடுப்பு உயரத்தில்.

பிறகு முழங்கால் உயரத்தில்.

"திறங்கய்யா!" உதவியாளர் பாய்ந்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. தச்சர் உளியை வைத்து நெம்பினார். உளி வளைந்தது.

"பேச்சை நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். மின்சாரத்தையே பிடுங்கினார்கள்.

பேச்சு நிற்கவில்லை.

உள்ளே இரண்டு குரல்கள். ஒன்று கெஞ்சியது. இன்னொன்று… சமாதானம் சொல்கிற மாதிரி…

"கத்தாதே தம்பி. பேச்சு முடியட்டும்."

முடிந்தது.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

தலைவர் தரையில், கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பல நாள் தண்ணீர் காணாதவர் மாதிரி.

அறையில் வேறு யாருமில்லை.

'தாயின் அறையில் தலைவர் உருகினார்' என்று செய்தித்தாள்கள் எழுதின. அன்று மாலையே கதவைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. தச்சர் உள்பக்கத்தில் கனமாகப் பூசியிருந்த பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். கீழ்ப்பகுதி முழுக்க நகக் கீறல்கள். பழையவை. பெயின்ட்டின் மேலேயும் சில இருந்தன, அவை புதியவை.

கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் அன்று இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைவரின் அக்கா. காப்பாளர் பிறகு அந்த அம்மாவைத் தேடிப்போய்க் கேட்டார்.

"மாநாட்டுக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் வீட்டுக்கு வந்து போயிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு அப்போ நினைவு தப்பிப் போச்சு. நடுவுல வந்து மானத்தை வாங்கிரும்னு தம்பிதான் தாழ் போட்டான். அப்புறம் எல்லாருமா வெளியூர் மாநாட்டுக்குப் போயிட்டோம், திரும்பி வர நாலு நாள் ஆச்சு. அம்மாவைப் பத்தி அவன் பேசினதைக் கேட்டு நாங்க எல்லாரும் அழுதோம். வீட்டுல கதவைத் திறக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல" என்றார் அக்கா.

காப்பாளருக்கு மாற்றல் வந்தது. மனைவி ஊருக்கு இல்லை. விஷயம் தெரிந்த ஆள் கண் பார்வையில் இருப்பது நல்லது என்று தலைவரின் வீட்டுக்கே போட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது.

தலைவர் கழிவறைக்குப் போனாலும் கதவைச் சாத்துவதில்லை. அந்த நேரத்தில் காப்பாளர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.