முப்பதடிப் பாதை

ஓடீல் டார்டிஃபின் நிலத்தில் நின்ற கேட்டுக்கு நான்கு சாவிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடகோடியில் மே மாதம்தான் தரை காயும். பாதையில் குளிர்காலம் பறித்த குழிகளை நிரப்ப, வருஷா வருஷம் செய்வதைப் போல அவள் தள்ளுவண்டியில் ஜல்லியை ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் இறங்கினாள். பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. குறுக்கே புதுச் சிடார் மரக் கம்பங்கள். நடுவில் இரும்பு கேட், அதில் பூட்டு. பக்கவாட்டிலும் விட்டு வைக்கவில்லை. பாதையின் அகலத்தில் ஒன்பதடியை உள்ளே இழுத்துப்போட்டு, பக்கத்து மனைக்காரன் நார்மன் புஷாரின் புல்வெளியோடு சேர்த்து வேலி ஓடியது.

அந்தப் பாதை ஓடீலின் அப்பா விட்டுப்போனது. ஏரிக்கரை நிலத்தை நான்கு மனைகளாக விற்றபோது, சாலையோரத்து வீட்டையும், சாலையிலிருந்து தண்ணீர்வரை முப்பதடி அகலத்தையும் மட்டும் அவர் விற்காமல் வைத்துக்கொண்டார். நான்கு வீட்டாரும் அந்தப் பாதையில் போகலாம், வரலாம், படகு இறக்கலாம்; முப்பதடியில் ஓரடியையும் யாரும் மறிக்கக் கூடாது என்று நான்கு பத்திரங்களிலும் எழுதிக் கொடுத்தார். நிலம் இவளுடையது, நடப்பது எல்லோருடையது. வரி கட்டுவதும் ஜல்லி கொட்டுவதும் இவள் பாடு. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து, சாயங்காலத்தில் அதையும் செய்வாள்.

நார்மன் ஒரே நாளில் வேலி போட்டுவிடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் உடைந்த படகு ஒன்றைப் பாதையோரம் கவிழ்த்துப் போட்டான். அப்புறம் நாய்க்கூண்டு வந்தது. ஓடீல் பார்த்தாள், பேசவில்லை. அவள் புருஷன் லியோ புற்றுநோயில் கிடந்த அந்தக் கடைசி வருஷம், பாங்கர் நகரத்து ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக் கூட்டிப்போனவன் நார்மன். அப்படிப்பட்டவனிடம் நாய்க்கூண்டைப் பற்றி எந்த முகத்தோடு கேட்பது?

இப்போது கேட்டாள். அவன் வீட்டு முன்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"நார்மன், என்ன இது?"

"கேட்டு. தெரியலையா?"

"என் நிலத்துல."

"உன் நிலம்தான், யாரு இல்லேன்னா? வெளியூர்க்காரன் படகக் கட்டி இழுத்துட்டு வந்து, பீர் டப்பாவ வீசிட்டுப் போறான். நீ ஏதாச்சும் பண்ணினியா? நான் பண்ணிட்டேன். நாலு வீட்டுக்கும் சாவி குடுத்தாச்சு."

"எனக்கு?"

"நீ எங்க ஏரிப் பக்கம் போற? வருஷத்துக்கு ரெண்டு தடவ. வேணும்னா என் வீட்டுக் கதவத் தட்டு, திறந்து விடறேன்."

"என் பாதையில நான் போக உன் கதவத் தட்டணுமா?"

அவன் காப்பிக் கோப்பையைப் படியில் வைத்தான். "ஓடீல், லியோவ எத்தன தடவ கூட்டிட்டுப் போனேன்னு நான் எண்ணினதில்ல. ஒம்போதடிய நீ எண்ணிட்டு வர்ற."

அந்தப் பேச்சு அவளை அடித்தது போல இருந்தது. ஜல்லியை வேலிக்கு இந்தப் பக்கமே கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் கிளோடெட் வீட்டுக்குப் போனாள். கடைசி மனை கிளோடெட்டுடையது. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேக்காளிகள். கிளோடெட் அடுப்பில் கோதுமை தோசை போல ஒன்றை, அந்த ஊரில் ப்ளோய் என்று சொல்வதை, சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கார்ச் சாவியோடு புதுச் சாவி ஒன்று கோர்த்துக் கிடந்தது.

"நீயும் வாங்கிக்கிட்டியாடி?"

"குடுத்தான், வாங்கினேன். என்ன பண்ணச் சொல்ற?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." கிளோடெட் ப்ளோயைப் பார்த்தே பேசினாள். "ஆனா நீ அவன விடாத. அது உங்க அப்பா நிலம். நாங்க எல்லாரும் உன் பக்கம்தான்."

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் ஓடீல் வக்கீலிடம் போனாள்.

வக்கீல் மிஸஸ் க்விம்பி பத்திரத்தை இரண்டு முறை படித்தாள். "வேலியில கை வைக்காதீங்க. ரம்பம், கோடாலி எதையும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. நீங்க பிடுங்கினா, அப்புறம் வழக்கு அவர் போட்டதாயிடும். போட்டோ எடுங்க, தேதியோட. சர்வேயர வச்சு அளந்துக்கங்க. பதிவுத் தபால்ல நோட்டீஸ் அனுப்புவோம். ரொம்ப வருஷம் சும்மா இருந்துட்டா, அவரு அத உரிமைன்னு சொல்லிடுவாரு. நீங்க ஏற்கெனவே ஆறு வருஷம் சும்மா இருந்துட்டீங்க."

லியோவின் ரம்பம் நிலவறையில் எண்ணெய் போட்டுத் தயாராக இருந்தது. எத்தனையோ காலையில் அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, மேலே வந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் வக்கீல் சொன்ன வரிசைப்படியே செய்தாள். நோட்டீஸை நார்மன் வாங்கவில்லை. இரண்டாவதை வாங்கிக் கிழித்தான். வழக்குப் பதிவானது. அந்த வருஷக் கோடை போயிற்று, குளிர்காலம் போயிற்று, அடுத்த கோடையும் பாதி போயிற்று. ஊர்க் கடையில் நார்மனின் மனைவி இவளைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பினாள். மற்ற மூன்று வீட்டாரும் காரில் போகும்போது இவளுக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்குவதை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

விசாரணைக்கு அவள் பக்கம் யாரும் வரவில்லை. அன்று காலை கிளோடெட் போன் பண்ணினாள். "முதுகு பிடிச்சுக்கிச்சுடி, எழுந்திரிக்க முடியல." சாட்சிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, அந்தப் பெயரின் மேல் மிஸஸ் க்விம்பி பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

வழக்கு ஜெயிக்கிற வழக்குதான். பத்திரம் தெளிவு, அளவு தெளிவு. அதற்குள் நார்மனின் வக்கீல் எழுந்து, ஓடீல் வைத்த சர்வேயர் வரைந்த அதே படத்தை நீட்டினான்.

"இந்த அம்மாவோட விறகுக் கொட்டகையும் பாதைக்குள்ள நாலடி வந்திருக்கு. எங்க கட்சிக்காரர் மறிக்கக் கூடாதுன்னா, இவங்க மட்டும் மறிக்கலாமா?"

ஓடீல் மிஸஸ் க்விம்பியைப் பார்த்தாள். மிஸஸ் க்விம்பி படத்தைப் பார்த்தாள். அந்தக் கொட்டகை லியோ கட்டியது; ஒரு இலையுதிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினான். அப்போது யாரும் அளக்கவில்லை. இப்போது ஆள் வைத்து அளந்தது இவள்தான்.

நீதிபதி அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். வேலியும் கேட்டும் முப்பது நாளில் போக வேண்டும். கொட்டகையும் அப்படியே. நிலத்துக்குச் சொந்தக்காரியானாலும் முப்பதடியும் நான்கு வீட்டுக்குத் திறந்திருக்க வேண்டும்.

"ஜெயிச்சுட்டோம்" என்றாள் மிஸஸ் க்விம்பி, படிக்கட்டில் இறங்கும்போது.

"ஆமா" என்றாள் ஓடீல்.

நார்மன் இருபத்தொன்பதாம் நாள் வேலியைப் பிடுங்கினான். கம்பங்களை எடுத்துக்கொண்டு குழிகளை அப்படியே விட்டான். ஓடீல் கொட்டகையைப் பிரிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. ஏணிமேல் நின்று தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். நார்மன் தன் முன்படியில் உட்கார்ந்து பார்த்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, கிளோடெட்டின் புருஷன் உட்கார்ந்திருந்தான். உதவிக்கு ஒரு குரல் வரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஒரு பலகை பிய்ந்து அவள் முழங்கையைக் கிழித்தது. பாத்திரம் துடைக்கும் துணியால் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். அக்டோபரில் விறகை வீட்டுச் சுவரோரம் அடுக்கித் தார்ப்பாய் போட்டாள். முதல் காற்றிலேயே தார்ப்பாய் பறந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஈர விறகுதான். அடுப்பு எரியாமல் புகைந்தது.

அடுத்த ஜூலையில் கிளோடெட் வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வராமல் வலைக்கதவுக்கு வெளியே நின்றாள்.

"ராத்திரியெல்லாம் லாரி மாதிரி வண்டிங்க ஏரிக்கு இறங்குதுடி. யாரு என்னன்னே தெரியல. எங்க படகுத் துறையில வாந்தி எடுத்து வச்சிருக்கானுங்க. நீ ஒரு கேட் போட்டா என்ன? உன் நிலம்தானே?"

"மறிக்கக் கூடாதுன்னு உத்தரவு. நானும் சேர்த்துத்தான்."

"நாங்க நாலு பேரும் ஒத்துக்கிட்டா போடலாமாம். நார்மன் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டான்."

"கையெழுத்துப் போட உன் முதுகு நல்லாயிருக்கா?"

கிளோடெட்டின் முகம் சிவந்தது. "ஒரு கேட்டுக்காக ஊரையே பகைச்சுக்கிட்ட. கடைசில என்னத்தக் கண்டே?"

இந்தக் கேள்வியைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓடீலும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"காகிதத்தக் கொண்டுவா, படிச்சுப் பாக்கறேன்" என்றாள்.

கிளோடெட் படியிறங்கினாள். காகிதம் வரவில்லை. ஆகஸ்டில் நார்மன் தன் எல்லையை ஒட்டி, பாதையில் ஓரங்குலம்கூடத் தொடாமல், எட்டடி உயரத்துக்குப் பலகை வேலி அடித்தான். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுவரை ஓடீலின் சமையலறை ஜன்னலிலிருந்து ஏரி தெரிந்தது.