இளையபெருமாளின் குதிரை வம்சம்

"நாலு தலைமுறையா குதிரை புடிச்ச கை இது. எங்க வம்சத்துல ஒருத்தனும் கழுதையைத் தொட்டதில்ல, தொடவும் மாட்டான்!"

செஞ்சி பஸ் நிலையத்தருகே ஜட்கா ஓட்டிய இளையபெருமாள் இதை முழங்காத நாளில்லை. முழக்கத்தின் பெரும்பகுதியைக் கேட்டுக்கொண்டது, உப்பு விற்கும் காத்தாயியின் கழுதை. "ஏய், ஓரமா ஓட்டு! என் குதிரை மெரளுது" என்பார். மிரளும் அளவுக்கு அந்தக் குதிரைக்குத் தெம்பு இருந்ததா என்பது வேறு விஷயம்.

மகன் ராஜாராம் பட்டாளத்தில் சேர்ந்ததும், குதிரைப்பட்டாளம் என்று ஊருக்கே அறிவித்துவிட்டார். 1962 ஆவணியில் முதல் கடிதம் வந்தது. இவருக்கு எழுத்து தெரியாது. மளிகைக்கடை அஜிததாஸ் நயினார் படித்தார்.

"நைனா, எனக்குக் குதிரை குடுக்கல. கோவேறு கழுதைதான். பேரு ராணி. அதுமேல ஏறித்தான் மலையில தபால் கொண்டுபோறேன். நல்ல ஜீவன். உனக்குக் கேவலமா இருக்குதா? பதில் போடு."

இளையபெருமாள் தெருவை எட்டிப் பார்த்தார். "நயினாரே, வெளிய குதிரைன்னே சொல்லிடுங்க."

அஜிததாஸுக்குச் சங்கடம். மழைக்காலம் நாலு மாதமும் பொய் பேசுவதில்லை என்று மேல்சித்தாமூர் சமண மடத்தில் விரதம் எடுத்திருந்தார். "பொய் சொல்லமாட்டேன் பெருமாளு. வேணும்னா பிராணின்னு சொல்றேன்."

ஆக, ராஜாராம் 'பிராணி' மேலேறிச் சீனனை எதிர்கொண்டான். ஊர் அதைக் குதிரை என்றே எடுத்துக்கொண்டது. பதில் மட்டும் போகவில்லை. கேவலமாகத்தான் இருந்தது, அதை எப்படி எழுதச் சொல்வது?

கார்த்திகையில் சாவுத் தந்தி வந்தது. தையில், அவனோடு இருந்த சிப்பாயின் கடிதம். ஜட்கா நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. விரதம் முடிந்திருந்தும் அஜிததாஸ் 'பிராணி' என்றே படித்தார்.

"குண்டடிபட்ட என்னை ராஜாராம் தன் பிராணி மேல் ஏற்றினான். தான் ஏறியிருந்தால் தப்பியிருப்பான். பின்னால் பனியில் நடந்து வந்தவன் சுடப்பட்டு விழுந்தான். தபால் வரும்போதெல்லாம், நைனா பதில் போட்டிருக்காரா என்று கேட்பான்."

"குதிரை வம்சமாச்சே!" என்றார் டீக்கடை துரைக்கண்ணு. "குதிரைதான் ஓர் உசிரைக் காப்பாத்திச்சு, பாத்தியா!"

இளையபெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. காத்தாயி வழக்கம்போலக் கழுதையை ஓரமாக ஒதுக்கினாள்.

"இருக்கட்டும்மா. இப்டி நெழல்ல நிறுத்து."

வண்டியிலிருந்து குதிரையின் கொள்ளுப் பையை எடுத்துக் கழுதையின் வாயருகே பிடித்தார். மறு கை அதன் கழுத்தைத் தடவியது.

"இதுக்குப் பேரு இன்னாம்மா?"

"கழுதைக்கு இன்னா பேருண்ணே?" என்றாள் காத்தாயி.

அவர் கையை எடுக்கவில்லை.