கோழிக்கறியும் ஒரே குடும்பமும்

எனக்கு எட்டு வயதாகும்வரை எங்கள் சபையில் இருந்த எல்லாரும் எங்கள் சொந்தக்காரர்கள் என்றே நம்பியிருந்தேன். அதில் என் தவறு எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் போதகர் அதைத்தானே சொன்னார்: கிறிஸ்துவுக்குள் நாம் ஒரே குடும்பம், ஒரே தகப்பனின் பிள்ளைகள். அப்பாவை அவர்கள் சகோதரர் என்றார்கள், அம்மாவைச் சகோதரி என்றார்கள். ஊரில் விட்டுவந்த உறவுகளையெல்லாம் கர்த்தர் கடல் தாண்டி வந்த இந்தப் பிரிக்பீல்ட்ஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை. கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதுதான் அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். சபையில் எங்களைப்போல் மூன்று நான்கு வீடுகள் இருந்தன. மற்றவர்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார், வாத்தியார்கள், அவர்களுடைய குடும்பங்கள்.

எனக்கு எட்டு வயதான வருடம் அறுப்பின் பண்டிகைக்கு அன்பின் விருந்து வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பு. அம்மா முட்டையிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். அப்பா ஒரு துண்டு கேட்டதற்கு, "சபைக்கு வச்சது, கை வைக்காதீங்க" என்று சட்டியை மூடிவிட்டாள்.

சபைக் கோவிலுக்குப் பின்னால் மரத்தடியில் நீள மேசை. அம்மா சட்டியை அதன்மேல் வைத்தாள். பெரிய கிராணியின் மனைவி அருகே வந்தார்.

"இங்க எடம் பத்தாது தங்கச்சி. அந்தக் கெணத்துப் பக்கம் வச்சிருங்க."

மேசையில் இன்னும் இரண்டு சட்டி வைக்க இடம் இருந்தது. அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தாள். நான் சட்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். யாரும் வரவில்லை. வாத்தியார் வீட்டு மாமியிடம் நானே போய், "மாமி, எங்கம்மா வச்ச கோழிக்கறி இருக்கு" என்றேன்.

"வயிறு நெறஞ்சிருச்சும்மா" என்றவர், மேசைக்குப் போய் மறுபடி சோறு போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது கிராணியம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவங்க சாதி சமைச்சத நம்ம எப்படித் தின்றது? ஊருக்குத் தெரிஞ்சா நம்ம பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகுமா?"

அப்பா காதிலும் விழுந்தது. அவர் நேராகப் போதகரிடம் போனார்.

"ஐயா, காலையில ஒரே குடும்பம்னு சொன்னீங்க. வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா மத்தவங்களும் சாப்பிடுவாங்க."

போதகர் அப்பாவின் தோளில் கை வைத்தார். "பொறுமையா இரும். இதெல்லாம் மெதுவாத்தான் மாறும். இப்ப அவசரப்பட்டா சபை ஒடஞ்சு போகும்."

அவர் கெட்டவர் அல்ல. அப்பா காய்ச்சலில் கிடந்தபோது மழையில் நனைந்து வந்து ஜெபித்தவர். அதனால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு வாய்ச் சோற்றில் உடைந்துபோகும் சபையைக் காப்பாற்ற, எங்களை உடைத்தால் பரவாயில்லை என்று அந்த நல்ல மனிதருக்கு எப்படித் தோன்றியது?

அப்பா சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். லயத்துக்கு வந்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும். சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காரம் கொஞ்சம் கூடுதல் என்று உரிமையோடு குறையும் சொன்னார்கள்.

"இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார் அப்பா. சொன்னபடியே கடைசிவரை மிதிக்கவில்லை.

அம்மாவும் அப்படித்தான் சொல்வாள் என்று இருந்தேன். அடுத்த ஞாயிறு அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவங்கதான் நம்மளத் தள்ளி வச்சாங்களே, ஏம்மா போகணும்?" என்றேன். அவள் என் கையை விடாமல் நடந்தாள். இவளுக்கு ரோஷமே கிடையாது என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அன்று திருவிருந்து. எல்லாரும் திராட்சரசம் குடிப்பது ஒரே வெள்ளிக் கிண்ணத்தில்தான். முன் பெஞ்சில் இருக்கும் கிராணி, வாத்தியார் வீட்டுக்காரர்கள் குடித்துத் திரும்பிய பிறகுதான் நாங்கள் எழுந்து போவது வழக்கம். போதகர் அழைத்ததும் அம்மா எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, நம்ம முறை இன்னும் வரல."

"வந்துருச்சு" என்றாள்.

தனியாக நடுவழியே நடந்துபோய் முழங்கால் போட்டாள். போதகர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கிண்ணத்தை அவள் உதட்டில் வைத்தார். அவள் குடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போதகர் அதே கிண்ணத்தோடு நின்றார். இந்த முறை அவர் யாரையும் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. முன் பெஞ்சுகளைப் பார்த்தபடி காத்திருந்தார். வெகுநேரம் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வாத்தியார் வீட்டு மாமி எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு போய்க் கிண்ணத்தின் முன் முழங்கால் போட்டார்.

அம்மா அவசரப்பட்டு வரிசையைக் குலைத்துவிட்டாள், அதனால்தான் எல்லாருக்கும் கோபம் என்று நினைத்து, நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன்.